மேல் லயத்து ஒரோமோக்காரி

விஜயகலாவைப் பொறுத்தவரை இந்த உலகத்தில் சும்மா நடக்கிற காரியம் என்று ஒன்றுமே கிடையாது. கோயிலில் பூசாரி அவளுக்கு மட்டும் ஒரு கை பொங்கல் கூடுதலாக வைத்துவிட்டால், இந்த மனுசனுக்கு என்ன வேண்டுமாம் என்று இலையைப் பிடித்தபடியே யோசிப்பாள். பஸ் நேரத்துக்கு வந்தால் வண்டியில் ஏதோ கோளாறு என்பாள். தோட்டத்துத் துரை வழியில் கண்டு தலையசைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அவளுக்கு வேலை ஓடாது. கீனதென்னத் தோட்டத்தில் இதற்காக அவளைக் கேலி செய்யாத ஆள் இல்லை. கேலி செய்தவர்கள் எல்லாம் ஏமாந்தார்கள், அவள் ஒருத்தி மட்டும் தப்பித்தாள் என்று சொன்னால் கதை நன்றாகத்தான் இருக்கும். அப்படி நடக்கவில்லை. அவளும் சேர்ந்துதான் ஏமாந்தாள். சந்தேகப்பட்டுக்கொண்டே ஏமாந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தெஹியோவிட்டயிலிருந்து மலையேறும் பஸ் இனி முடியாது என்று மூச்சு வாங்கி நிற்கும் இடம்தான் கீனதென்ன. ரப்பர் தோட்டம். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய லயம் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் பிள்ளைக்காம்பரா. விடியும் முன்னே பால் வெட்டப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போவார்கள். உள்ளே வரிசையாகத் துணித் தொட்டில்கள், ஓர் அடுப்பு, பால்மா டின், இவற்றுக்கு நடுவில் கீழ் லயத்துத் தங்கம்மா. தங்கம்மா கையில் வளராத பிள்ளை அந்தத் தோட்டத்தில் குறைவு. விஜயகலாவே அந்தத் தொட்டிலில் கிடந்து கத்தியவள்தான்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு பிள்ளைக்காம்பராவுக்குப் பூட்டு விழுந்தது. கூரை ஓடு மாற்றப் போகிறோம், கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார் கணக்கப்பிள்ளை. ஓடு மாறவில்லை. கதவுக்கு மேலே இருந்த போர்டுதான் மாறியது. 'பன்மொழி ஒப்பீட்டு ஆணைக்குழு, ஒரோமோ – ஜாவா மொழிகள் ஒப்பீட்டு நிலையம், சப்ரகமுவ' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. அந்த மூன்றில் ஒரோமோவும் இல்லை, ஜாவாவும் இல்லை.

“ஒரோமோன்னா யாருங்க?” என்று கேட்டாள் விஜயகலா.

“கம்பெனியா இருக்கும்” என்றார் தோட்டக் கமிட்டித் தலைவர் ஐயாவு. தெரியாது என்று சொல்வது தலைவர் பதவிக்கு அழகல்ல என்பது அவர் கொள்கை. “முந்தி ஒருக்கா இப்புடித்தான் போர்டு மாறுச்சு. மறுமாசமே தோட்டம் வேற ஆளு கைக்குப் போச்சு. ஒரோமோவும் ஜாவாவும் கூட்டு யாவாரம் போல.”

“யாவாரத்துக்கு எதுக்கு புள்ளக்காம்பரா?”

ஐயாவு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். விஜயகலாவிடம் பதில் இருந்தது, ஆனால் அது பதினைந்து சந்தேகங்களாக இருந்ததால் ஒன்றையும் வெளியில் சொல்லவில்லை.

சொல்லிக்கொண்டிருக்க நேரமும் இல்லை. அவளுடைய மகள் டிலுக்ஷிகாவுக்கு அப்போதுதான் நடை பழகியிருந்தது. புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதம் ஒருமுறை வருவான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு நாதி இல்லை. இரண்டு ரப்பர் மரங்களுக்கு இடையில் பழைய சேலையைத் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, ஒரு மரத்தில் பால் வெட்டி முடித்து ஓடிவந்து தூளியை ஓர் ஆட்டு ஆட்டி, திரும்ப அடுத்த மரத்துக்கு ஓடினாள். மழை தொடங்கியதும் அட்டை தூளி வரைக்கும் ஏறியது. ஒரு நாள் காலையில் பிள்ளை போட்ட அலறலில் கையிலிருந்த கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். பூரான் கடித்திருந்தது. பிள்ளையின் கால் பலாக்கொட்டை வேகவைத்தது போல ஊதிப்போனது. தெஹியோவிட்ட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதில் அன்றைய பால் பாதியில் நின்றது. அரைநாள் வேலை செய்ததாகத்தான் எழுதினார்கள். தோட்டத்தில் அதற்கு அரைப்பேர் என்று பெயர். விஜயகலாவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்தக் காம்பராவைத் திருப்பி வாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

நிலையத்தின் திறப்பு விழாவுக்கு ஆணைக்குழுத் தலைவர் கொழும்பிலிருந்து வந்தார். பிள்ளைக்காம்பராவின் தொட்டில் கொக்கிகளில் மாலைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். குத்துவிளக்கேற்றி, தலைவர் சிங்களத்தில் பேசினார். நிலையத்தின் பணிப்பாளர் இரத்தினசபாபதி அதைத் தமிழில் சொன்னார்.

“சிலர் கேட்கிறார்கள், நம் நாட்டிலேயே மொழிகள் இருக்கும்போது எதற்கு ஒரோமோவும் ஜாவாவும் என்று. நல்ல கேள்வி. எங்கள் ஆணைக்குழு முதலில் நம் நாட்டு மொழிகளைத்தான் ஒப்பிடத் தொடங்கியது. முதல் கூட்டத்திலேயே நாற்காலி பறந்தது. அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தோம். இந்த நாட்டில் ஒரு வாக்காளரும் பேசாத இரண்டு மொழிகளாகப் பார்த்து எடுப்பது. ஒரோமோ பேசுகிறவர் எங்களிடம் வந்து, பஸ்ஸில் ஏன் என் மொழியில் ஊர்ப் பெயர் இல்லை என்று கேட்கமாட்டார். ஜாவா பேசுகிறவர் பொலிஸில் தன் மொழியில்தான் முறைப்பாடு எழுதவேண்டும் என்று அடம்பிடிக்கமாட்டார். மொழிப் பிரச்சினையே வராத மொழிக்கொள்கை உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான்.”

கைதட்டினார்கள். தலைவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

“அதற்கு ஏன் கீனதென்ன என்றும் கேட்கலாம். காப்பி ஒரோமோக்களின் மண்ணில் பிறந்தது. ஜாவாவில் பெயர் வாங்கியது. எங்கள் நாட்டில் நோய் வந்து செத்தது. இந்த மலையிலும் ஒரு காலத்தில் காப்பிதான் இருந்தது. பிறந்த வீட்டையும் பெயர் வாங்கிய வீட்டையும் ஒப்பிட, செத்த வீட்டை விட நடுநிலையான இடம் வேறு ஏது?”

அதற்கும் கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்ற விஜயகலா தட்டவில்லை. கேட்ட வரைக்கும் அவளுக்கு ஒன்று விளங்கியது: இவர்கள் கம்பெனி இல்லை. கம்பெனியாவது லாபம் இல்லை என்றால் போய்விடும்.

ஆணைக்குழுவின் கேகாலைக் கிளைக்கு அவள் மூன்று முறை போனாள். முதல் தடவை சிங்களத்தில் சொன்னாள். தெஹியோவிட்டச் சந்தையில் கருவாட்டுக்காரர்களோடு மல்லுக்கு நின்று வளர்ந்த சிங்களம். அதில் ஒரு குறையும் இல்லை. கவுண்டரில் இருந்த நோனா மிகவும் அன்பாகக் கேட்டாள். கடைசியில், “நீங்கள் தமிழ்தானே? தாய்மொழியில் முறையிடும் உரிமை உங்களுக்குச் சட்டத்தில் இருக்கிறது. நான் இதைச் சிங்களத்தில் ஏற்றுக்கொண்டால் உங்கள் உரிமையை மீறினவள் ஆவேன். தமிழில் கொண்டுவாருங்கள்” என்றாள்.

இரண்டாம் தடவை தமிழில் கொண்டுபோனாள். நோனா அதை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, அழகான எழுத்து என்று பாராட்டி, படிக்க ஆள் இல்லை என்று திருப்பிக் கொடுத்தாள். தமிழ் தெரிந்த ஒரே அதிகாரியை ஒரோமோ பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். அவர் இப்போது கீனதென்னவில் இருக்கிறாராம்.

“அவரு எங்க புள்ளக்காம்பராவுலதாங்க இருக்காரு.”

“அப்படியென்றால் நல்லதாகப் போயிற்றே” என்றாள் நோனா.

மூன்றாம் தடவை போனபோது அன்று மொழிகள் வாரம் என்று கிளையை மூடியிருந்தார்கள்.

ஆகவே விஜயகலா ஒரு பிற்பகல், வெட்டிய ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்து முடித்த கையோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரத்தினசபாபதியிடமே போனாள். யாழ்ப்பாணத்து மனிதர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஓய்வுக்குக் கொஞ்ச காலமே பாக்கி இருந்ததால் நல்லவர் என்றும் சொல்ல முடியாது. மேசையில் இரண்டு தடித்த அகராதிகள். தொட்டில் கட்டிய கொக்கிகளில் இப்போது அட்டைகள் தொங்கின. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சொல்.

“வாங்கோ பிள்ளை, இருங்கோ” என்றார். அவரும் தமிழில் பேசி நாளாகியிருக்க வேண்டும். அவள் வந்த விஷயத்தைக் கேட்கும் முன்னே தன் விஷயத்தைத் தொடங்கிவிட்டார். “இந்தா பாருங்கோ, எவ்வளவு கஷ்டமான வேலை எண்டு. ஒரோமோவில வீட்டுக்கு ‘மனா’ எண்டு ஒரு சொல். ஜாவாவில அப்பிடியில்லை. ஆரிட வீடு, ஆரோட கதைக்கிறம் எண்டு பார்த்துச் சொல்லவேணும். சும்மா சொன்னால் ‘ஓமா’. மரியாதையாச் சொன்னால் ‘க்ரியா’. பெரிய மனிசர் இருக்கிற வீடு எண்டால் ‘தலெம்’. விளங்குதோ?”

“இதுல வெளங்க என்னங்க இருக்கு” என்றாள் விஜயகலா. “இங்கயும் அதாங்களே. நாங்க இருக்கிறது காம்பரா. கணக்கப்புள்ள இருக்கிறது குவாட்டஸ். தொர இருக்கிறது பங்களா. மழைக்கு ஒழுகுறது மட்டும் காம்பராங்க.”

அவள் சொன்னது குத்தல். இரத்தினசபாபதி அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டு, “இன்னொருக்காச் சொல்லுங்கோ” என்று எழுதிக்கொண்டார். அன்றைக்கே கொழும்புக்குத் தகவல் போனது: 'தோட்ட மக்களின் பேச்சில் ஜாவா மொழியின் ஆழமான தாக்கம் காணப்படுகிறது.'

பிள்ளைக்காம்பராவைப் பற்றி அவள் கேட்டதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. அது ஒப்பீட்டில் வராது.

கொழும்பில் குதூகலம். ஆணைக்குழுவின் திட்டத்தில் 'சமூகப் பங்களிப்பு' என்று ஓர் இடம் நெடுநாளாக வெறுமையாகக் கிடந்தது. ஜாவாவின் தாக்கம் இருக்கிறது என்றால் ஜாவா பேசுகிறவர்கள் இருக்கத்தானே வேண்டும் என்று தலைவர் கேட்டார். ஜாவாவுக்கு ஆள் இருந்து ஒரோமோவுக்கு ஆள் இல்லாமல் போனால் அது பாரபட்சம் ஆகாதா என்று உபதலைவர் கேட்டார். வீட்டுக்கு ஜாவாவில் மூன்று சொல்லும் ஒரோமோவில் ஒன்றும் இருப்பதே அநீதி என்று ஏற்கெனவே ஒரு முணுமுணுப்பு இருந்தது. ஒரோமோவுக்கு மேலும் இரண்டு சொற்களை ஒதுக்கிக் கொடுக்க ஓர் உபகுழு அமைத்தார்கள். ஒரோமோக்களின் அபிப்பிராயத்தைக் கேட்கவேண்டாமா என்று அதில் ஒரு புதியவர் கேட்டாராம். அவர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் இரத்தினசபாபதி எழுந்து நின்றார்.

“ஒரு சின்ன ஒழுங்கு செய்திருக்கிறம். மேல் லயத்து ஆக்கள் இண்டையில இருந்து ஒரோமோ பேசுறவை. கீழ் லயத்து ஆக்கள் ஜாவா பேசுறவை. ஒருத்தரும் பயப்பிட வேண்டாம். நீங்கள் ஒண்டும் படிக்கத் தேவையில்லை. பேரை மட்டும் பதிஞ்சால் போதும்.”

வேறு எந்த ஊரில் இதைச் சொல்லியிருந்தாலும் சனம் சிரித்திருக்கும். கீனதென்னவில் ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கம்மாதான் முதலில் திரும்பி நடந்தாள். நேரே தன் காம்பராவுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து துணிமணியை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

“என்னாச்சு தங்கம்மாக்கா?” என்று பின்னாலேயே ஓடினாள் விஜயகலா.

“பேரு பதியிறாங்கல்ல. அதான்.” தங்கம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. “நான் சின்னப் புள்ளையில இப்புடித்தான் வந்து பதிஞ்சாங்க. ஒங்க ஊரு எதுன்னு கேட்டாங்க. எங்கக்கா மாமனாரு, அவரு அப்பன் வாயால கேட்ட ஊரு ஒண்ணச் சொன்னாரு. எழுதிக்கிட்டாங்க. கொஞ்ச நாள்ல கடுதாசி வந்துச்சு. அக்காவும் மாமாவும் தலைமன்னாருல இந்தியாவுக்குக் கப்பல் ஏறுனாங்க. ஒரே லயம்டி. பக்கத்துக் காம்பராவுல இருந்த நாங்க நின்னோம், அவங்க போனாங்க. அக்கா மொகத்த அதுக்குப் பொறவு நான் பாக்கல. இவனுக சும்மா பதியமாட்டானுக.”

தோட்டத்திலேயே பேர்போன சந்தேகக்காரி விஜயகலா; அவளுக்கே இது தோன்றாமல் போய்விட்டதே. இரண்டு மொழிகளை எதற்கு ஒப்பிடுகிறார்கள்? யாரை எங்கே ஏற்றுவது என்று பார்க்கத்தான். மேல் லயம் ஒரோமோவுக்கு, கீழ் லயம் ஜாவாவுக்கு. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதே அவளுக்குப் பெரிய அத்தாட்சியாக இருந்தது.

அதற்குப் பிறகு தோட்டத்தில் நடந்ததை எந்த ஆணைக்குழுவும் எழுதவில்லை. லயத்துக்குத் துணி விற்க வருகிற ஜுனைதீனிடம் விசாரித்தார்கள். ஜாவா பக்கத்தில்தான், சோறு தின்கிற சனம், ஒரோமோ ஆபிரிக்காவில் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே மேல் லயத்து ஆட்கள் கீழ் லயத்து ஆட்களிடம் காம்பரா மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கத் தொடங்கினார்கள். காலம் காலமாகத் தண்ணீர் பைப்பு தங்கள் பக்கத்தில் இருக்கிறது என்று மேல் லயம் கீழ் லயத்தைப் பார்த்துப் பீற்றிக்கொள்ளும். இப்போது பைப்பையும் சேர்த்துத் தருகிறோம் என்று கெஞ்சியது. மேல் லயத்துப் பையனுக்குக் கீழ் லயத்தில் பேசி முடித்திருந்த சம்பந்தம் முறிந்தது. பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்றார்கள். ஐயாவு மட்டும் தலைவர் என்ற முறையில் இரண்டு நாட்டுக்கும் போகவேண்டி வருமோ என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

விஜயகலா நேரே இரத்தினசபாபதியிடமே போய்க் கேட்டுவிட்டாள்.

“எங்கள அனுப்பப் போறீங்களா ஐயா?”

“எங்கை அனுப்பிறது? ஆர் சொன்னது உங்களுக்கு? அப்பிடி ஒரு திட்டமும் என்ர கையில இல்லை.”

“ஒங்க கையில இல்லன்னா யாரு கையிலங்க இருக்கு?”

இரத்தினசபாபதி வாயைத் திறந்தார். பிறகு யோசித்தார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் மேலே இருப்பவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று அவருக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. “எனக்குத் தெரிஞ்ச அளவில இல்லை” என்றார். அந்த நேர்மையான பதிலே அவளுடைய கடைசி நம்பிக்கையையும் கெடுத்தது.

இந்த நிலையில்தான் கொழும்பிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது என்ற செய்தி வந்தது. இரண்டு மொழியும் பேசுகிறவர்களை நேரில் கேட்க வேண்டுமாம். இரத்தினசபாபதி வேர்த்து விறுவிறுத்து மேல் லயத்துக்கே ஏறி வந்தார். அதுவரைக்கும் அவர் அந்தப் படியில் கால் வைத்ததில்லை.

“பிள்ளை, நீங்கள்தான் கதைக்கவேணும். நீங்கள் வாய்க்காரி. ஒருத்தரும் கதைக்காட்டி நிலையத்தை மூடிப்போடுவினம்.”

“மூடுனா எங்க காம்பரா எங்களுக்கு வந்துடுமா?”

பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. “இல்லைப் பிள்ளை. மூடினால் சீல் வைச்சுப்போட்டுப் போயிடுவினம். பிறகு அதைத் திறக்க வேற ஒரு ஆணைக்குழு வேணும். திறந்திருந்தால்தான் கேக்கிறதுக்கெண்டாலும் ஒரு ஆள் இருக்கும்.”

விஜயகலா யோசித்தாள். “என்ன வேணும்னாலும் பேசலாங்களா?”

“எதையும் கதைக்கலாம்” என்றார் களைத்துப்போய். “வாறவைக்கு ஒண்டும் விளங்காது.”

குழுவில் மூன்று பேர். முன்னால் ஒரு பேராசிரியர், அவர் பக்கத்தில் ஓர் அம்மையார், கொஞ்சம் தள்ளி தூங்குகிற ஒருவர். பிள்ளைக்காம்பரா நிறைய ஆட்கள். இரண்டு லயமும் வந்து வாசலை அடைத்து நின்றது. தமிழ் எப்படி ஒலிக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அந்த மூவருக்கும் இதுவரை எந்தக் கூட்டத்திலும் ஏற்பட்டதில்லை. 'ஒரோமோ மாதிரி' என்று எழுதிய அட்டையை விஜயகலாவின் முன்னால் வைத்தார்கள். ஒலிப்பதிவுக் கருவியைத் திறந்தார்கள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் பேசினாள்.

“இந்தக் காம்பரா எங்களோடதுங்க. நானே இங்கதான் தூளியில கெடந்தேன். இப்ப எங்க புள்ளைக மழையில மரத்தடியில கெடக்குதுக. என் புள்ள காலப் பூரான் கடிச்சு ரெண்டு நாளு கத்துனா. கேகாலைக்குப் போனேன். சிங்களத்துல சொன்னேன், தமிழ்ல கொண்டான்னாங்க. தமிழ்ல கொண்டுபோனேன், படிக்க ஆளில்லன்னாங்க. இப்ப ஒரோமோவுல சொல்றேன், நல்லா கேட்டுக்குங்க. ஒங்களுக்குச் சொல்லு வைக்கத்தான் எடம் வேணும்னா பங்களாவுல எத்தனையோ எடம் காலியா கெடக்கு. எங்களுக்குப் புள்ள வைக்க வேற எடம் இல்லைங்க. எங்கள எங்க அனுப்புறதா இருந்தாலும் அனுப்புங்க. அதுவரைக்குமாவது தொட்டிலக் கட்ட விடுங்க.”

வாசலில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பதற்கா அழுவதற்கா என்று அவர்களுக்கே தெரியவில்லை. அடுத்து 'ஜாவா மாதிரி' என்ற அட்டைக்குப் பின்னால் தங்கம்மா வந்து நின்றாள். அவளுக்குப் பேச்சு வராது. “அவ சொன்னதுதாங்க” என்றாள். பிறகு, “அந்தக் கொக்கியெல்லாம் நான் அடிச்சது” என்று மேலே காட்டினாள்.

பேராசிரியர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். “என்ன இசை” என்றார் சிங்களத்தில். “என்ன ஒரு துன்பம் அந்த உயிரெழுத்துகளில்.”

“கொஞ்சம் தமிழ் மாதிரி இருக்கிறதே” என்றார் அம்மையார்.

“பழைய மொழிகள் எல்லாம் கொஞ்சம் தமிழ் மாதிரித்தான் இருக்கும்” என்றார் இரத்தினசபாபதி. உயிர் போகிற அந்த நேரத்திலும் அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

“அவள் என்ன சொல்கிறாள்?”

அந்த அறையில் மேசைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒவ்வொரு சொல்லும் விளங்கியவர் அவர் ஒருவர்தான். விளங்காதவர் போல இருக்க வேண்டியவரும் அவர்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: “இது ஒரோமோத் தாய்மார் பாடும் ஒரு தாலாட்டு. பிள்ளைகளுக்கு ஒரு வீடு வேண்டும் என்று வருகிறது.”

விஜயகலாவுக்குச் சிங்களம் தெரியும் என்பதை அவர் மறந்துவிட்டார். அவள் இரண்டு அடி முன்னால் வந்து, பேராசிரியரைப் பார்த்து, சந்தைச் சிங்களத்தில் கணீரென்று சொன்னாள்: “தாலாட்டும் இல்லை, ஒரோமோவும் இல்லை சேர். நான் பேசினது தமிழ். நாங்கள் தமிழ் ஆட்கள். இது எங்கள் பிள்ளைகளின் இடம். இதைத் திருப்பித் தாருங்கள்.”

இரத்தினசபாபதி கண்ணை மூடிக்கொண்டார். பேராசிரியர் மெல்ல எழுந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

“பார்த்தீர்களா” என்றார் மற்ற இருவரிடம். “ஓர் ஒரோமோப் பெண். எவ்வளவு சுத்தமான சிங்களம். வெளியிலிருந்து வந்தவளே இப்படிக் கற்றுக்கொள்ளும்போது இங்கேயே இருக்கிற தமிழர்களுக்கு என்ன கேடு?”

“நான் தமிழ்தான் சேர்” என்றாள் விஜயகலா.

“தமிழும் தெரியுமாம்” என்றார் பேராசிரியர். தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து கைதட்டினார்.

அறிக்கை மாதம் முடிவதற்குள் வந்துவிட்டது. ஆணைக்குழுவின் வரலாற்றில் அது ஒரு சாதனை. ஒரோமோவும் ஜாவாவும் ஒலியிலும் உணர்விலும் பிரிக்க முடியாத அளவுக்கு ஒத்த மொழிகள் என்று அதில் நிரூபித்திருந்தார்கள். இரண்டும் ஒன்று என்று ஆனதால் பாரபட்சம் தீர்ந்தது. சொல் ஒதுக்கும் உபகுழுவைக் கலைத்துவிட்டார்கள். விஜயகலா பேசியது முழுக்க, ஒரு மூச்சு விடாமல், கொழும்பில் குளிரூட்டிய அறையில் பத்திரமாக இருக்கிறது. மூன்று முறை கேகாலைக்குப் போயும் யாரும் வாங்காத முறைப்பாடு அது. இனி யாரும் அதை அழிக்க முடியாது. கேட்டு விளங்கிக்கொள்ளவும் முடியாது. ஒரோமோ அகராதியில் அதில் ஒரு சொல்லும் இல்லை.

அறிக்கையின் கடைசியில் ஒரு பரிந்துரையும் இருந்தது. அரிய மொழிகளைத் தொட்டிலிலேயே காக்க வேண்டுமாம். ஆகவே ஒப்பீட்டு நிலையத்தின் கட்டடத்தில் 'ஒரோமோ – ஜாவா மழலையர் மொழிக் காப்பகம்' உடனே தொடங்கப்படும். அதே வாரத்தில் ஓடு மாற்றினார்கள். அட்டைகளைக் கழற்றிவிட்டுக் கொக்கிகளில் தொட்டில் கட்டினார்கள். இடது பக்கம் மேல் லயத்துப் பிள்ளைகள், வலது பக்கம் கீழ் லயத்துப் பிள்ளைகள், மொழி கலந்துவிடாமல் நடுவில் ஒரு கயிறு. தங்கம்மாவுக்கு ஜாவா மொழி வளவாளர் என்ற பதவியில் வேலை திரும்பக் கிடைத்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை அழுதாலும் அவள் குனிந்து போய்த் தூக்கிக்கொண்டாள்.

தோட்டம் கொண்டாடியது. ஐயாவு இதெல்லாம் தன்னுடைய போராட்டத்தின் வெற்றி என்று கோயிலில் தேங்காய் உடைத்தார். முறிந்த சம்பந்தம்கூட ஒட்டிக்கொண்டது. விஜயகலா முதல் நாள் காலையில் மகளைத் தொட்டிலில் போட்டாள். பிள்ளை ஒரு நிமிஷத்தில் தூங்கிப்போனது. அந்த முகத்தைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. மலைக்குப் போகிற வழியெல்லாம் நடை லேசாக இருந்தது.

பாதி வழியில் நின்றுவிட்டாள்.

கேட்டபோது கொடுக்காதவன் எதற்காக இப்போது கொடுத்தான்? தமிழ்ப் பிள்ளைகளாக இருந்தபோது கிடைக்காத காம்பரா, ஒரோமோப் பிள்ளைகள் என்று எழுதினதும் ஒரு வாரத்தில் புதுக் கூரை ஓட்டோடு கிடைக்கிறது. காம்பராவுக்குள் போகிற ஒவ்வொரு பிள்ளையின் பேருக்கு நேரேயும் மொழி எழுதுகிறார்கள். டிலுக்ஷிகாவின் பேருக்கு நேரே எழுதியதை அவளே நின்று பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தொட்டில் இல்லை.

மாலையில் பிள்ளையைத் தூக்கப் போனபோது இரத்தினசபாபதி வாசலில் நின்று சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஒண்ணு கேக்கவா?”

“கேளுங்கோ பிள்ளை.”

“அந்த ஒரோமோ ஊருல குளிருங்களா?”

அவர் அவளையும், அவள் இடுப்பில் தூங்கிவழிகிற பிள்ளையையும் பார்த்தார். அகராதியைத் தவிர அந்த நாட்டைப் பற்றி அவர் படித்தது ஒன்றிரண்டுதான். அதில் இது இருந்தது.

“மலைநாடு” என்றார். “குளிரும் எண்டுதான் நினைக்கிறன். ஏன் கேக்கிறியள்?”

“சும்மாதாங்க” என்றாள் விஜயகலா. அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

அன்று பொழுது சாய முன்னே தன் காம்பராவுக்குப் போய், கட்டிலுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் கட்டி வைத்திருந்த மூட்டையை இழுத்து அவிழ்த்தாள். டிலுக்ஷிகாவின் கம்பளிச் சட்டையை மடித்து மேலே வைத்தாள். கொஞ்சம் யோசித்து, அதை எடுத்துவிட்டு, புருஷன் கொழும்பில் வாங்கி வந்த, அதைவிட ஓர் அளவு பெரிய கம்பளிச் சட்டையை வைத்தாள். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுவாள்.